பையனைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டதா? முதலில் மணியைக் குறியுங்கள்

ஈரோடு, திருப்பூர் மாவட்டக் காவல் நிலையங்களில் பல ஆண்டுகள் ரைட்டராக, அதாவது நிலையப் பதிவேடுகளை எழுதுகிறவளாக இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது காங்கேயம் பக்கம் குடியிருக்கிறேன். காலையில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் காவலர் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். "ஏனுங்க அக்கா, பையனை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள், அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறதுங்க." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். போலீஸ் பலம் பிரயோகிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கைதை எதிர்த்துத் திமிறுகிறவனை அடக்கலாம், கலவரக் கூட்டத்தைக் கலைக்கலாம், அதற்கெல்லாம் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 46ஆவது பிரிவு, தப்பி ஓடாமல் தடுப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாக ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. ஆள் கைக்குள் வந்து, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான் என்றால் அதன்பிறகு கன்னத்தில் ஓர் அறை விடக்கூட அனுமதி கிடையாது. உண்மையை வரவழைக்க அடித்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. இத்தனைக்கும் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் செல்லாது. ஆக, அடிப்பதால் வழக்குக்குக்கூட லாபமில்லை. கையில் மாவுக்கட்டுடன் ஒருவன் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு "பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம்" என்று சிரித்துப் பகிர்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாளைக்கு வழுக்கி விழப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்?

ரைட்டர் மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்த சங்கதி இதுதான்: அடி விழுவது பெரும்பாலும், ஆளைக் கூட்டி வந்த நேரத்துக்கும் "கைது" என்று காகிதத்தில் ஏறும் நேரத்துக்கும் நடுவில். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து ஏற்றி வந்தவனை, மறுநாள் காலை பத்து மணிக்குப் பஸ் நிலையத்தில் பிடித்ததாக எழுதினால், நடுவில் இருந்த பதின்மூன்று மணி நேரம் யார் கணக்கிலும் இல்லை. அந்த இருட்டில் நடந்ததற்குப் பொறுப்பாளியும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இடைவெளியை வெளியிலிருந்து அடைப்பது. ஸ்டேஷனில் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதிவிட வேண்டும்.

தந்தி இருந்த காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். பையனைக் கொண்டுபோன உடனே தபால் நிலையத்துக்கு ஓடி, எஸ்.பி.க்கும் முதலமைச்சருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். தந்தியில் தேதியும் மணியும் விழுந்துவிடும். பிறகு எந்த ரைட்டரும் அதை மாற்றி எழுத முடியாது. 2013இல் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை உங்கள் கைப்பேசியே செய்யும். ஆளை ஏற்றிய பத்து நிமிடத்துக்குள் 112க்கு அழைத்து, இன்னாரை இந்த இடத்திலிருந்து கூட்டிப் போனார்கள், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை என்று சொல்லுங்கள், அழைப்பு பதிவாகும். அடுத்து எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல். கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. நீளமாக எழுத வேண்டாம். கோபத்தையும் கண்ணீரையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இன்று (தேதி) இரவு 9.10 மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்து என் மகனை (பெயர், வயது), சீருடையில் இருவரும் சாதாரண உடையில் ஒருவருமாக வந்த காவலர்கள் ஜீப்பில் (வண்டி எண்) ஏற்றிச் சென்றனர். காரணம் சொல்லவில்லை. கைதுக் குறிப்பு எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. அப்போது அவன் உடம்பில் காயம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டார் இருவர் பார்த்தனர். அவன் எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறான் என்று தெரிவிக்கவும், அங்குள்ள சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்."

"காயம் எதுவும் இல்லை" என்ற வரியை மறக்காதீர்கள். ஏற்கெனவே அடிபட்டிருந்தான் என்று பின்னால் சொல்லும் வாயை அது அடைக்கும். முடிந்தால் அன்று மதியம் எடுத்த ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

சிசிடிவி பற்றிய வரியும் சும்மா இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், அந்த நிலையத்துக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு என்று ஒன்று விடாமல் ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்றது. உத்தரவு இருக்கிறது, கேமரா ஓடுகிறதா என்பது வேறு விஷயம். முதல் நாளே எழுத்தில் கேட்டுவிட்டால், பிறகு "பழுதாகிவிட்டது" என்று சொல்கிறவர் அந்தப் பழுதுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இனி ஸ்டேஷனுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், இருபது பேரோடும் போகாதீர்கள். வக்கீல் ஒருவர், உறவினர் ஒருவர், நீங்கள். கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டால், பணியைத் தடுத்ததாக உங்கள் மேலும் ஒரு வழக்கு வரும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும்.

அங்கே போய் இரண்டே கேள்வி கேளுங்கள். கைது செய்திருக்கிறீர்களா, விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்களா? விசாரணைக்கு என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவின் கீழ் எழுத்து மூலமான நோட்டீஸ் எங்கே? கைது என்றால் கைதுக் குறிப்பு எங்கே? 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இப்போது பெரும்பாலும் சட்டத்திலேயே வந்துவிட்டன: கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விட வேண்டும், முழு நேரமும் கூட இருக்க விடாவிட்டாலும்.

அந்தக் கைதுக் குறிப்பை உங்கள் முன் நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். மணி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரவு 9.10க்குக் கொண்டுபோனவனை மறுநாள் காலை 10.00 என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட "9.10க்கு வீட்டிலிருந்து கூட்டி வரப்பட்டார்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடாவிட்டால் போடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய இருபத்துநான்கு மணி நேரமும் அந்த மணியிலிருந்துதான் கணக்கு. ஒரு ரைட்டராகச் சொல்கிறேன்: நேரத்தைப் படித்துப் பார்க்கிற ஆள் ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தாலே உள்ளே சத்தம் குறையும்.

பெண்கள், பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களைச் சாட்சி விசாரணைக்கு என்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலையும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றம் என்றால், அறுபது வயதைக் கடந்தவரை டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது.

திருப்பூர் பனியன் கம்பெனி மேஸ்திரிகளுக்கும் பல்லடம், சோமனூர் தறிக்கூடக்காரர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையனைத் திருட்டுச் சந்தேகத்தில் கூட்டிப் போனால், அவனுக்கு மொழி தெரியாது, ஊரில் தகவல் சொல்ல ஆளும் கிடையாது. உறவினர் மட்டும்தான் என்றில்லை; அவன் குறிப்பிடும் நண்பருக்கும் தகவல் தர வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. அவனுக்காக 112ஐ நீங்கள் அழையுங்கள். கம்பெனிப் பேர் கெட்டுவிடும் என்று ஒதுங்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக இல்லை.

விட்டுவிட்டார்கள், ஆனால் அடித்திருக்கிறார்கள் என்றால் வீட்டுக்குப் போகாதீர்கள். குளிக்க வைக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். நேரே அரசு மருத்துவமனை. நம் ஊரில் இங்கேதான் காரியம் கெடும். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்பார். பையன் பயத்தில் "வண்டியில் இருந்து விழுந்துவிட்டேன்" என்பான். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனாலும் அந்த ஒரு வரி உங்களை மறித்து நிற்கும். "இந்த நிலையத்தில், இத்தனை மணிக்கு, இன்ன பொருளால், இத்தனை பேர் அடித்தார்கள்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் அதையே எழுத வேண்டும். உள்ளங்காலைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தால் வெளியே தெரியாத இடம் அது. அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள். கன்றிய இடம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாக நிறம் மாறித் தெரியும். தினமும் புகைப்படம் எடுங்கள்.

விடாமல் ரிமாண்டுக்கு (நீதிமன்றக் காவலுக்கு) கொண்டு போனால், அடித்ததைச் சொல்ல வாய்ப்பு இரண்டு இடத்தில். மாஜிஸ்திரேட் "போலீஸ் மீது புகார் இருக்கிறதா?" என்று கேட்பார், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பக்கத்தில் காவலர் நிற்பார். வருகிற வழியில் மிரட்டியும் இருப்பார்கள். அதனால் வக்கீல் எழுத்தில் ஒரு மனு கொடுத்துவிடுவது நல்லது. அடுத்தது சிறை வாசல். உள்ளே எடுக்கும்போது சிறை மருத்துவர் உடம்பைப் பார்த்துக் காயங்களைப் பதிய வேண்டும். சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புகார் எங்கே கொடுப்பது? எஸ்.பி.க்குக் கொடுத்ததின் நகலை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) சென்னையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பிவிட்டால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஆணையத்தின் முன் இருக்கும் புகாரை இன்னோர் ஆணையம் விசாரிக்காது. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, அடித்தவர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது அங்கே வழக்கம். சம்பளத்தில் கை வைத்தால் எவ்வளவு உறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

காவல் புகார் ஆணையம் என்றும் ஒன்று உண்டு. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. நம் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்டத்தில் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் உட்கார வைத்தது. கீழே இருப்பவர் மீதான புகாரை மேலே இருப்பவரே விசாரிக்கும் ஏற்பாடு. ஒரு நகல் அனுப்பி வையுங்கள். அதையே நம்பி இருக்காதீர்கள். ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குச் சென்னை; கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை.

இதற்கிடையில் சமாதானத்துக்கு ஆள் வரும். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சில நேரம் உங்கள் சொந்த மாமனே வருவார். "பகைத்துக்கொண்டு ஊரில் இருக்க முடியுமா?" என்பார். முடிவு உங்களுடையது, நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு "புகார் இல்லை" என்று எழுதிக் கொடுத்த காகிதம் அடுத்தவன் வழக்கிலும் போய் நிற்கும். மலைக்காரர்களைக் கேளுங்கள். வீரப்பன் தேடுதல் வேட்டையில் தமிழக–கர்நாடக எல்லை மலைக் கிராமங்களில் அதிரடிப்படையிடம் வதைபட்டவர்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல்தான் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. அத்தனை ஆண்டும் மிரட்டலுக்கு நடுவில் சொன்ன சொல்லில் நின்ற ஜனங்கள் அவர்கள்.

இனி என் காலை வேலைக்கு வருகிறேன். இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி. வெளியிலிருந்து எவ்வளவு எழுதினாலும் உள்ளே ஒருவர் வாய் திறக்க வேண்டும். சாத்தான்குளத்தில் இரவெல்லாம் அடித்தார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். பெண் என்றால் அடிக்கமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கிற பெண்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரே மாதிரி வீட்டிலிருந்து, ஒரே மாதிரி ஆட்களாக ஒரு நிலையம் நிறைந்துவிட்டால், அங்கே கூச்சப்பட ஆள் இருக்காது. அருந்ததியர் தெருப் பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால், அந்தத் தெருவிலிருந்து கூட்டி வந்தவனைப் பேசுகிற பேச்சே மாறும். கண்ணால் கண்டது இது.

ஆகவே பெற்றோர்களே, அளவுகோலை எடுங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் உயரத்தை அளங்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பெண்கள் 159 சென்டிமீட்டர், ஆண்கள் 170. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157, 167. பத்தாம் வகுப்புப் போதும். நரிக்குறவர், குருவிக்காரர் பிள்ளைகள் 2023 முதல் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பழைய சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். திருநங்கையர்க்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இடம் கொடுக்கிறது. அந்தக் கதவைத் திறந்தவர் நம் சேலத்துப் பிரித்திகா யாஷினி. 2015இல் உயர் நீதிமன்றம் வரை போய் வென்று உதவி ஆய்வாளரானார்.

முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, எண்பதுக்கு முப்பத்திரண்டு எடுத்தால் போதும். ஆங்கில வழிப் பிள்ளைகள் இதை அலட்சியமாக விட்டுத் தோற்கிறார்கள். பிறகு எழுபது மதிப்பெண் எழுத்துத் தேர்வு. அதில் உளவியல் கேள்விகளே இருபத்தைந்து. பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும், அது சிரமமில்லை. ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். மதிப்பெண் கிடைப்பது அதற்கடுத்த நீளம் தாண்டுதல் போன்றவற்றில்தான். ஆகவே ஓடிக்கொண்டே இருக்காமல் தாண்டப் பழகுங்கள். மூன்று மாதம் கால் பழகாமல் கடைசி வாரம் வந்து நிற்கும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடைசியாகச் சொல்வதை மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். பொது இடத்தில் தகராறு, குடித்துவிட்டுச் சத்தம் என்று ஒரு சின்ன வழக்குப் போட்டு, "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போ, இன்றோடு முடிந்தது" என்பார்கள். முடியாது. காவலர் தேர்வு விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அது கணக்கில் எடுக்கும். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிய பையன் நன்னடத்தைச் சரிபார்ப்பில் விழுவது இங்கேதான். செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கு ஏற்கெனவே இருந்தால் சரிபார்ப்புப் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்ததே தனிக் காரணமாகிவிடும். வழக்கு எண், நீதிமன்றம், முடிவு மூன்றையும் எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். நீதிமன்ற நகல் பிரிவில் அதை வாங்க நாளாகும்; விண்ணப்பிக்கும் மாதத்திலேயே மனுப் போட்டுவிடுங்கள்.